"டக்"னு சத்தம் வந்தா எலும்பு ஏறிருச்சா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இடுப்பு வலி பத்தி நாலு வரி எழுதப்போக, இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் சேத்துப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். கைரோபிராக்டிக், முதுகெலும்பு அட்ஜஸ்ட்மெண்ட், டக் டக்னு நெட்டி எடுக்குற வைத்தியம். அதனால இந்தத் தடவை மத்த கேள்விய எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறேன். நான் மதுரையில 22 வருஷமா பிசியோதெரபி பாக்குறவ, தேவைப்பட்ட ஆளுக்கு இடுப்புல நெட்டி எடுத்தும் விட்டிருக்கேன். அதனால இத ஒரேயடியா ஏமாத்துன்னு சொல்லவும் மாட்டேன், எல்லாத்துக்கும் மருந்துன்னு சொன்னா ஒத்துக்கவும் மாட்டேன்.

மேடம், நான் ஆரப்பாளையம் – மாட்டுத்தாவணி ரூட்ல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன், வயசு 38. ஆறு மாசமா இடுப்பு புடிச்சுக்குது. போன்ல வீடியோ பாத்துட்டு ஒரு சென்டருக்குப் போனேன், தடவிப் பாத்துட்டு மூணு எலும்பு விலகியிருக்குன்னாய்ங்க. டக் டக்னு நாலு சத்தம் வந்துச்சு, எறங்கும்போது ஒடம்பு பஞ்சா இருந்துச்சு. மூணாம் நாள் பழைய வலி. எலும்பு மறுபடி விலகிருச்சு, 12 சிட்டிங் பேக்கேஜ் 18,000 ரூபாய்ங்கிறாய்ங்க. நெசமா?

தம்பி, மொதல்ல அந்த பயத்தைப் போக்கிருவோம், ஒங்க எலும்பு எதுவும் விலகல. முதுகெலும்பு நெசமா எடம் மாறுறதுன்னா அது தென்னை மரத்துல இருந்து விழுந்தவங்களுக்கும் நாலு வழிச் சாலையில வண்டியோட உருண்டவங்களுக்கும் நடக்குறது, அவங்க ஸ்ட்ரெச்சர்லதான் வருவாங்க. ஆறு மாசமா ஆட்டோ ஓட்டிக்கிட்டு, அந்த சென்டர் மாடிப்படிய ஏறி எறங்கி வந்தவருக்கு மூணு எலும்பு விலகியிருக்க வழியே இல்ல. முதுகுத்தண்டுல மொத்தம் 33 எலும்பு, அதுல கழுத்துல 7, நெஞ்சுக்குப் பின்னாடி 12, இடுப்புல 5, ஆக 24 எலும்புதான் அசையுறது, மிச்சமெல்லாம் கீழ ஒட்டிப்போய் கெடக்கும். இந்த 24யையும் கெட்டியான நாரும் தசையும் சுத்திச் சுத்திக் கட்டி வச்சிருக்கு, தள்ளுனா ஏறி தும்முனா எறங்குறதுக்கு அது பரண்ல அடுக்குன பாத்திரம் இல்ல. அப்புறம் இந்த தடவிப் பாத்துச் சொல்றது. ஒரே முதுகை நாலு பேர தடவச் சொன்னா நாலு பேரும் வேற வேற எலும்பக் காட்டுவாங்க, இத வச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, ஒத்துப்போறது ரொம்பக் கம்மி.

(சில பேருக்கு எக்ஸ்ரேலயே ஒரு எலும்பு இன்னொண்ணு மேல முன்னாடி சறுக்கி நிக்குறது தெரியும், ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்னு ரிப்போர்ட்ல எழுதியிருப்பாங்க. அது நெசமான சமாச்சாரம், ஆனா அதைக் கையால தள்ளி உள்ள வைக்க முடியாது, அந்த எடத்துல குத்துற மாதிரி அழுத்துறது ஆபத்தும் கூட.)

அப்ப அந்த சத்தம் என்னான்னு கேப்பீங்க. ஒவ்வொரு எலும்புக்கும் பின்னாடி ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன மூட்டு இருக்கு, வெரல் மூட்டு மாதிரிதான், உள்ள முட்டை வெள்ளைக்கரு கணக்கா வழவழன்னு ஒரு தண்ணி. அந்தத் தண்ணியில காத்து கரைஞ்சு கெடக்கும். மூட்ட வெடுக்குனு இழுக்கும்போது உள்ள அழுத்தம் கொறைஞ்சு சட்டுனு ஒரு குமிழி உண்டாகும், அந்த சத்தம்தான் டக். 2015ல கனடாவுல ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டியில எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள ஒருத்தர் வெரல இழுத்து நெட்டி எடுத்து அதைப் படமாவே புடிச்சாங்க, அரை செகண்டு கூட ஆகல, சத்தம் வர்ற நேரத்துல மூட்டுக்குள்ள கறுப்பா ஒரு குமிழி வந்து நிக்குது. ஒரு தடவை நெட்டி எடுத்த வெரல ஒடனே மறுபடி இழுத்துப் பாருங்க, சத்தம் வராது, இருவது நிமிஷம் பக்கம் ஆகும். ஒங்க வெரல்ல சத்தம் வந்தா எலும்பு ஏறிருச்சுன்னா சொல்றோம், இல்லேல்ல, முதுகுலயும் அதே கதைதான். சத்தமே வராம வலி கொறையுறதும் உண்டு, நாலு சத்தம் வந்தும் வலி அப்படியே இருக்கறதும் உண்டு.

பண்ணுறது எப்படின்னும் சொல்லிர்றேன், தெரிஞ்சுக்கிட்டா மயக்கம் கொறையும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கீழ்க்கால நீட்டி மேல்கால மடக்கி, தோள அங்கிட்டும் இடுப்ப இங்கிட்டுமா மெதுவா முறுக்கிக் கொண்டு போவோம். கெணத்துல வாளி எறைக்கும்போது கயித்துல தொய்வு போற வரைக்கும் இழுப்போம் பாருங்க, அந்த மாதிரி மூட்டுல தொய்வு போன எடம் கைக்குத் தெரியும். அங்க நிப்பாட்டி, மூச்ச விடச் சொல்லி, மூச்சு முடியுற நேரம் ஒரே ஒரு தள்ளு, வேகமா ஆனா கொஞ்சூண்டு தூரம். அம்புட்டுத்தான். பலம் வேணாம், நேரம் தெரியணும். வீடியோவுல ஆளத் தூக்கிப் போட்டு ஒதறுறது, துண்டக் கழுத்துல மாட்டி வெட்டி இழுக்குறது எல்லாம் பாக்குறவங்களுக்காகப் பண்ணுறது.

பஞ்சு மாதிரி இருந்துச்சுன்னு சொன்னீங்கள்ல, அது பொய்யில்ல. அந்தத் தள்ளுல இறுகிக் கெடந்த தசை கொஞ்ச நேரம் தளரும், வலிய மூளைக்கு எடுத்துட்டுப் போற சேதி கொஞ்சம் மட்டுப்படும், குனிஞ்சு நிமுர்றது லேசாகும். ஆனா எம்புட்டுன்னு பாக்கணும். 2017ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ இதழ்ல புதுசா வந்த இடுப்பு வலிக்குன்னு 15 ஆய்வ சேத்துப் பாத்தாங்க, 1,700 பேர் பக்கம், வலிய 100 மார்க்குக்குக் கேட்டா சராசரியா 10 மார்க் கொறைஞ்சிருக்கு. அதே நேரம் பண்ணிக்கிட்டதுல பாதிப் பேருக்கு மேல ஒரு நாள் ரெண்டு நாள் கூடுதல் வலி, இறுக்கம், தலைவலின்னு வந்துட்டுப் போயிருக்கு. கொஞ்சம் பலன் இருக்கு, கொஞ்ச நாளைக்கு. மூணாம் நாள் வலி திரும்புனது எலும்பு விலகுனதால இல்ல, அந்த மட்டுப்பட்டது தீந்துபோச்சு, வலி உண்டான காரணம் ஆட்டோவுல அப்படியே இருக்கு.

அதான் நான் ஒங்கள்ட்ட கேக்கணும்னு நெனச்சது. ஷேர் ஆட்டோவுல டிரைவர் சீட்டுலயே அங்கிட்டு ஒருத்தர் இங்கிட்டு ஒருத்தர ஏத்திக்கிட்டு, அர பொச்சு சீட்டுல ஒக்காந்து, ஒடம்ப ஒரு பக்கமா முறுக்கி ஹேண்டிலப் புடிச்சுக்கிட்டு பத்து மணி நேரம் ஓட்டுறதப் பாத்திருக்கேன். பேண்ட் பின்பாக்கெட்டுல சில்லறை, பர்ஸு, ஆர்சி புக்குன்னு ஒரு கத்தை வேற. நாளைக்கே பர்ஸ எடுத்து முன்னாடி வைங்க, சீட்டுல நடுவா ஒக்காருங்க, முன்னாடி ஆள் ஏத்துறத விடுங்க. ரூட்டோட ரெண்டு கடைசியிலயும் எறங்கி நின்னு, ரெண்டு கையையும் இடுப்புல குடுத்துப் பின்னாடி பத்து தடவை வளைஞ்சுட்டு, ரெண்டு நிமிஷம் நடங்க. 18,000 ரூபாய மொத்தமாக் கட்டாதீங்க தம்பி. எந்த வைத்தியமா இருந்தாலும் ஆரம்பத்துலயே 12 தடவைன்னு எண்ணிச் சொல்றவங்க ஒங்க இடுப்பப் பாத்துச் சொல்லல, எல்லாருக்கும் அதே 12தான்.

இந்த வைத்தியத்தை யாரு கண்டுபிடிச்சாங்க? நம்ம வர்மத்துல இருந்து போனதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்களே? – கல்லூரி மாணவி, திருமங்கலம்

வர்மத்துல இருந்து போகல பாப்பா. ஒடம்பப் புடிச்சு முறிச்சு வலி எடுக்குறது எல்லா ஊர்லயும் தனித்தனியா இருந்தது, கிரேக்கத்துலயும் இருந்தது, நம்ம சித்த வைத்தியத்துல தொக்கணம்னு இருக்கு. கைரோபிராக்டிக்ங்கிற பேரும் அந்தக் கொள்கையும் மட்டும் அமெரிக்காவுல பொறந்தது. அயோவா மாநிலத்துல டேவன்போர்ட்னு ஒரு ஊரு, அங்க டி.டி. பால்மர்னு ஒருத்தர், காந்த சிகிச்சைன்னு சொல்லி கை வச்சு வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தவர். 1895 செப்டம்பர் 18ஆம் தேதி அதே கட்டடத்துல துப்புரவு வேலை பாத்த ஹார்வி லில்லார்டுங்கிறவரோட முதுகுல ஒரு புடைப்பு இருந்தத அமுக்கித் தள்ளுனாராம், 17 வருஷமா சரியாக் கேக்காத அவருக்குக் காது கேட்டுச்சாம். அதுல இருந்து ஆரம்பிச்சது. கை, செய்யுறதுன்னு ரெண்டு கிரேக்கச் சொல்லச் சேத்துப் பேரு வச்சு, 1897ல பள்ளிக்கூடமும் தொடங்கிட்டாரு. லைசன்ஸ் இல்லாம வைத்தியம் பாத்தாருன்னு 1906ல ஜெயிலுக்கும் போனாரு, அப்புறம் அவரு மகன் பி.ஜே. பால்மர்தான் இத நாடு பூராக் கொண்டு போனவர்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். காதுக்குப் போற நரம்பு மூளையில இருந்து நேரா காதுக்குப் போறது, முதுகெலும்பு வழியா எறங்கி வர்றதே இல்ல. அப்ப முதுக அமுக்கிக் காது எப்படிக் கேட்டுச்சு, அதுக்கு விளக்கம் கெடையாது. ஆனா பால்மர் நூத்துக்கு 95 நோய்க்கு முதுகெலும்பு விலகுறதுதான் காரணம்னே எழுதுனாரு, அந்த விலகலுக்கு சப்லக்சேஷன்னு பேரு. டிரைவர் தம்பிகிட்ட சொன்னாங்க பாருங்க மூணு எலும்பு விலகியிருக்குன்னு, அது நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தி சொன்ன அதே பேச்சுதான். பிரிட்டன்ல கைரோபிராக்டர்கள ஒழுங்குபடுத்துற கவுன்சிலே 2010ல, இது பழைய காலத்துக் கருத்து, நோய்க்கு இதுதான் காரணம்னு சொல்ல ஆதாரம் இல்லைன்னு அறிவிச்சிருச்சு. அந்தத் தொழில்லயே படிச்ச நல்ல ஆளுங்க நெறைய பேரு இப்ப அந்தப் பேச்சப் பேசுறது இல்ல, வலிக்கும் அசைவுக்கும் மட்டும் பாக்குறாங்க. அத மதிக்கிறேன். சுகர், பிரஷர், ஆஸ்துமா, கொழந்தையின்மை எல்லாம் முதுகத் தட்டி சரி பண்ணுறோம்னு போர்டு வச்சிருந்தா அங்கிட்டே போயிராதீங்க.

டாக்டரம்மா, எம் மக எழுதித் தர்றா. உசிலம்பட்டிக்குப் பக்கத்துல கிராமம், மல்லிகைப்பூ எடுக்கப் போறவ, வயசு 48. இடுப்பு வலி ஒரு வருஷமா, இப்ப எடது கால்ல கெண்டை வரைக்கும் இழுக்குது. ஸ்கேன் எடுத்ததுல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு போட்டுருக்கு. பெல்ட் போட்டுருக்கேன். எலும்பத் தட்டி டிஸ்க்க உள்ள தள்ளுறாங்களாமே, போகட்டா?

அக்கா, டிஸ்க்க யாரும் தட்டி உள்ள தள்ள முடியாது. ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறது அது, வெளிய இருந்து வெரல் போய்ச் சேர்ற எடமே இல்ல. அந்த ரிப்போர்ட்டப் பாத்து ராத்திரி தூக்கம் போயிருக்கும், எனக்குத் தெரியும், என்கிட்ட வர்றவங்க ஸ்கேன் கவர மஞ்சப் பைக்குள்ள வச்சு ஏதோ தீர்ப்பு மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. கேளுங்க. வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேனத் தொகுத்து 2015ல வெளியிட்டாங்க, 50 வயசுக்காரங்கள்ல நூத்துக்கு 60 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கு, அவங்களுக்கு ஒரு வலியும் இல்ல. தலையில நரை விழுற மாதிரி அது. நரம்ப உறுத்துனாத்தான் கால்ல இழுக்கும், ஒங்களுக்கு அப்படித்தான் இருக்கணும், அதுலயும் பெரும்பாலானவங்களுக்கு ஆப்பரேஷன் இல்லாமலே கொறையும், பிதுங்குனது தானா சுருங்குறதும் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. ஒடற்பயிற்சி, வலியப் பத்திப் புரிய வைக்கிறது, மசாஜ், கையால முதுகெலும்பு மூட்ட அசைக்கிற சிகிச்சை, இதெல்லாம் குடுக்கலாம்னு சொல்லியிருக்கு. அதாவது இந்த அட்ஜஸ்ட்மெண்டும் பட்டியல்ல இருக்கு, பயிற்சிக்குப் பக்கத்துல ஒண்ணா. வேணாம்னு சொன்னதுல என்ன இருக்கு தெரியுமா, பெல்ட்டும் டிராக்ஷனும். நானே வருஷக்கணக்கா டிராக்ஷன் போட்டவ அக்கா, வந்தவங்கள படுக்க வச்சு வெயிட்டக் கட்டி இருவது நிமிஷம் இழுத்து விடுறது, இப்ப அந்தக் கட்டில துணி மடிக்க வச்சிருக்கேன். ஒங்க பெல்ட்ட ஒரேயடியாத் தூக்கிப் போட வேணாம், பஸ்ல போறப்ப மட்டும்னு கொறைச்சுக்கிட்டே வாங்க.

கால்ல இழுக்குற நேரத்துல முறுக்கி நெட்டி எடுத்துக்காதீங்க, அது என் அபிப்ராயம். உறுத்திக்கிட்டு இருக்கற நரம்பு மேல திடீர்னு முறுக்கக் குடுக்குறது எனக்கு ஒப்பல. பதிலா வேலையப் பாப்போம். விடியக்காலம் பூ எடுக்கும்போது பழைய சேலைய மடியாக் கட்டி அதுல மொட்டப் போட்டுக்கிட்டே போவீங்க, நெறைய நெறைய அம்புட்டு வெயிட்டும் முன்னாடி தொங்கும், குனிஞ்ச முதுகு அதையும் சேத்துத் தாங்கும். மடி கால்வாசி நெறஞ்சதும் கொண்டுபோய் சாக்குல கொட்டிட்டு வாங்க, நடக்குற மாதிரியும் ஆச்சு. இடுப்புல இருந்து குனியாம ஒரு கால முன்ன வச்சு முழங்கால மடக்குங்க. வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம். அப்புறம் பாயில மல்லாக்கப் படுத்து ரெண்டு முழங்காலையும் மடக்கி, இடுப்ப மட்டும் மேல தூக்கி அஞ்சு எண்ணி எறக்கணும், பத்து தடவை, காலையில சாயங்காலம். சாயங்காலம் கால் இழுக்காத அளவுக்கு நடை. ஆறு வாரம் விடாமப் பண்ணிட்டு எழுதுங்க.

ஆனா இத மட்டும் மகள சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. கீழமாசி வீதியில மூட்டை தூக்குற ஒரு அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட வந்தாரு. கால் வலிக்கு எங்கயோ மூணு தடவை முறுக்கி விட்டிருக்காங்க. நேத்துல இருந்து ஒண்ணுக்குப் போகலம்மா, நீர்க்கடுப்பு போலன்னு மோரும் இளநியுமாக் குடிச்சிருக்காரு. நான் கேட்டேன், அண்ணே இப்ப ஒக்காந்திருக்கீங்களே, பெஞ்சு தெரியுதான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "தெரியல தாயி, அது என் ஒடம்பு இல்லாத மாதிரி இருக்கு"ன்னாரு. நான் அவரத் தொடவே இல்ல, ஆட்டோ புடிச்சு நேரா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனேன், அன்னைக்கு ராத்திரியே ஆப்பரேஷன். கால் வந்துருச்சு, ஒண்ணுக்கு சரியாப் போக அஞ்சு மாசம் ஆச்சு. ஒக்கார்ற எடம் மரத்துப்போறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு வராம நிக்குறது இல்ல தெரியாமப் போயிர்றது, பாதம் தொங்கிப்போறது, இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிரணும் அக்கா. காலையில பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது.

மூணு மாசக் கொழந்தை ராவெல்லாம் அழுவுறான். முதுகெலும்ப அட்ஜஸ்ட் பண்ணுனா நிக்கும்னு தோழி சொல்றா. – அவனியாபுரம்

வேணவே வேணாம்மா. ஆஸ்திரேலியாவுல 2019லயே ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற கொழந்தைங்களுக்கு முதுகெலும்புல நெட்டி எடுக்கக்கூடாதுன்னு அங்க இருக்கற கைரோபிராக்டிக் போர்டே நிப்பாட்டி வச்சது. அந்த வயசுல எலும்பு பாதி குருத்தெலும்புதான். மூணு மாசத்துல ராவழுகை ரொம்ப சகஜம், போகப் போகக் கொறையும். காய்ச்சல், பால் குடிக்காம இருக்கறது, வாந்தி, அழுகையே மாறி முனகலாப் போறது இருந்தா கொழந்தை டாக்டர்கிட்ட அன்னைக்கே. மிச்ச ராத்திரிக்கு ஒங்க ஆத்துக்காரரையும் முறை வச்சுத் தூக்கச் சொல்லுங்க, நீங்களும் தூங்கணும்ல.

அம்மாவுக்கு 67 வயசு. முதுகுல சுளுக்குன்னா எங்க தெருவுல கால் முன்னாடி வச்சுப் பொறந்த ஒரு அண்ணன மிதிக்கச் சொல்லுவாங்க, ஒலக்கைய வச்சும் உருட்டுவாங்க. இதுவும் கைரோபிராக்டிக் மாதிரிதானே, இத விட்டுட்டு எதுக்கு காசு செலவழிக்கணும்? – மேலூர்

ரெண்டும் ஒடம்புக்கு ஒரே மாதிரி சேதிதான் குடுக்குது, ஒத்துக்கிறேன். எங்க அப்பத்தாவும் எனக்கு ஒலக்கை உருட்டி விட்டிருக்கு, வேப்பெண்ணெயக் காய்ச்சித் தடவி, சுவத்தப் புடிச்சு நிக்க வச்சு. அந்த சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் புடிப்பு விட்டுப்போகும். பொறக்கும்போது கால் முன்ன வந்ததுக்கும் சுளுக்குக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா தெருவே கூடி நின்னு பாத்துக்கும்போது வலிக்காரிக்கு ஒரு தெம்பு வருது பாருங்க, அது லேசுப்பட்டது இல்ல.

ஒங்க அம்மா விஷயத்துல எனக்கு பயம் வேற. 67 வயசுப் பொம்பளைக்கு எலும்பு உள்ளுக்குள்ள பொரியுருண்டை மாதிரி பொக்கையாப் போயிருக்கும், வெளிய தெரியாது. அந்த முதுகுல ஒரு ஆம்பள ஏறி மிதிச்சா முதுகெலும்பு அப்படியே நசுங்கும். தண்ணிக் கொடத்தத் தூக்குனதுக்கே நசுங்கி வந்தவங்கள நான் பாத்திருக்கேன், சுளுக்குன்னு பத்து நாள் தைலம் தேச்சுட்டுத்தான் வந்தாங்க. வயசானவங்களுக்குத் திடீர்னு முதுகுல வலி, படுத்தா கொறைஞ்சு எந்திரிச்சா கொல்லுதுன்னா மொதல்ல எக்ஸ்ரே. நம்ம பக்கம் இன்னொண்ணும் இருக்கு, முதுகெலும்பு டிபி. சாயங்காலக் காய்ச்சல், எளைச்சுக்கிட்டே போறது, ராத்திரி எழுப்புற முதுகு வலி, இது இருந்தா மிதிக்கவும் கூடாது, நெட்டி எடுக்கவும் கூடாது, மாத்திரை தின்னாத்தான் போகும், அது அரசாங்கத்துல சும்மாவே குடுக்குறாங்க. புத்துநோய் வந்து போனவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவங்க, முடக்குவாதக்காரங்க, இவங்க யாரு மேலயும் கால வைக்க விடாதீங்க, பெரிய சென்டர்னாலும் சரி, தெரு அண்ணன்னாலும் சரி.

பன்னெண்டாவது முடிச்சுட்டேன், கைரோபிராக்டிக் படிக்க ஆசை. மூணு மாச சர்டிபிகேட் கோர்ஸ் இருக்குன்னு விளம்பரம் வருது. – வாடிப்பட்டி

மூணு மாசத்துல முதுகெலும்பு கைக்கு வராது கண்ணு. உலக சுகாதார நிறுவனம் 2005ல போட்ட கணக்குப்படி கைரோபிராக்டரா ஆகணும்னா 4,200 மணி நேரத்துக்குக் கொறையாத படிப்பு, அதுல 1,000 மணி நேரம் பெரியவங்க பக்கத்துல நிக்க நோயாளியப் பாத்துப் பழகுறது. நம்ம நாட்டுல இந்தத் தொழிலுக்குன்னு தனி கவுன்சிலும் இல்ல, அதனாலதான் யாரு வேணாலும் போர்டு மாட்டிர்றாங்க, எனக்கு ரொம்ப வருத்தம் அதுல. கையால மூட்ட அசைச்சு வைத்தியம் பண்ண ஆசைன்னா பிபிடி, அதான் பிசியோதெரபி பட்டப்படிப்பு, எடுங்க. 2021ல வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்துக்குள்ள பிசியோதெரபி வருது. மெதுவா ஆட்டுறதுல இருந்து வேகமாத் தள்ளுறது வரைக்கும் படிப்படியா அஞ்சு நெலைன்னு ஆஸ்திரேலியாக்காரர் மெயிட்லாண்டு வகுத்த முறை இருக்கு, அதுல அஞ்சாவது நெலைதான் நீங்க வீடியோவுல பாக்குற டக். மொத நாலையும் கையில புடிக்காம அஞ்சுக்குப் போகக்கூடாது.

மேடம், சிம்மக்கல் பக்கம் சின்ன சலூன் வச்சிருக்கேன், முப்பது வருஷத் தொழில். முடி வெட்டி முடிச்சதும் தலையத் தட்டி மசாஜ் பண்ணி, தாடையப் புடிச்சுக் கழுத்த ரெண்டு பக்கமும் வெடுக்குனு திருப்பி நெட்டி எடுத்து விடுவேன், கஸ்டமரே கேட்டு வாங்கிக்குறாங்க. இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. எம் மகன் ஏதோ படிச்சுட்டு நிப்பாட்டுங்கிறான். நிப்பாட்டட்டுமா?

நிப்பாட்டுங்க அண்ணே. மகன் சொன்னது சரி. முப்பது வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்கிறது ஒங்க கை சுத்தம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா கழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

கழுத்துல ஏழு எலும்பு. அதுல மேல இருக்கற ஆறுலயும் ரெண்டு பக்கமும் ஊசிக்காது மாதிரி ஓட்டை இருக்கு, அந்த ஓட்டை வழியா நூல் கோத்த மாதிரி ஒரு ரத்தக்குழாய் மேல ஏறிப் போகுது, உச்சியில இருக்கற எலும்பு மேல ஒரு வளை வளைஞ்சு மூளைக்குள்ள நுழையுது. நீங்க தாடையப் புடிச்சு வெடுக்குனு திருப்பும்போது அந்த வளைவுலதான் இழுப்பு விழும். சில பேருக்கு அந்தக் குழாயோட உள்தோலு லேசா இருக்கும், வெளிய பாத்தா தெரியாது, அவங்களுக்கே தெரியாது. உள்தோலு கிழிஞ்சா அங்க ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். அடிக்கடி நடக்குறது இல்ல, ரொம்ப அபூர்வம், ஆனா நல்லா இருந்த சின்ன வயசுக்காரங்களுக்கும் நடந்திருக்கு. படிச்ச கைரோபிராக்டர் கழுத்தத் திருப்பி நடந்ததும் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. ஒரு நிமிஷ சொகத்துக்கு எதுக்கு அண்ணே இது. நானும் கழுத்துல வேகமாத் தள்ளுறது இல்ல, இடுப்போட சரி.

இன்னொரு சங்கடமும் இருக்கு. அந்தக் குழாய் ஏற்கனவே கிழிஞ்சு போன ஆளுக்கு மொத அறிகுறியே பின்கழுத்து வலியும் தலைவலியும்தான். அந்த வலியோட ஒருத்தர் ஒங்க நாற்காலியில வந்து ஒக்காந்து, கழுத்து ஒரு மாதிரியா இருக்கு, ஒரு நெட்டி எடுத்து விடுங்கம்பாரு. எது சாதாப் புடிப்பு எது இதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும், எனக்கே சமயத்துல தெரியாது.

தலைமசாஜ விடாதீங்க. வெரலால நெத்திப்பொட்டு, பின்மண்டை, தோள்பட்டை அம்புட்டும் நல்லா அமுக்கி விடுங்க, சூடான துண்டப் பின்கழுத்துல அஞ்சு நிமிஷம் போட்டு வைங்க, கஸ்டமருக்கு அதே சொகம் கெடைக்கும். பழகுன ஆளு பழக்கத்துல கழுத்தச் சாச்சுக் காமிப்பாரு, தோள்ல ரெண்டு தட்டு தட்டி எந்திரிக்க விட்டுருங்க. கடைப் பையனுக்கும் சொல்லி வைங்க, நீங்க இல்லாத நேரம் அவன் எடுத்து விட்ருவான்.

எங்கயோ நெட்டி எடுத்துட்டு வந்தவரோ, இல்ல ஒங்க கடையிலயே ஒருத்தரோ, திடீர்னு தலை சுத்துது, ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னா, பேச்சு கொழறுனா, நடை தள்ளாடுனா, பித்தம்னு நெனைக்காதீங்க. ஒடனே 108. சோடா, தண்ணி எதுவும் குடுக்கக்கூடாது, முழுங்க முடியாமப் பொரையேறிரும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு சுவத்துக் கடிகாரத்தப் பாத்து எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு கையிலயே எழுதிக்கங்க. கட்டியக் கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதனால ஆஸ்பத்திரியில மொதக் கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.